உங்கள் ஊரில் கஞ்சாக் கடை வரலாமா? நியூஜெர்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பகுதியில் கஞ்சாக் கடை திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி பள்ளிப் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் வந்த வாரம், ஏழெட்டுக் குடும்பங்களாகச் சேர்ந்து டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போனோம். அன்று, கட்டட, நிலப் பயன்பாட்டு விண்ணப்பங்களை விசாரிக்கும் பிளானிங் போர்டின் கூட்டம். வீடு வீடாகச் சென்று வாங்கிய கையெழுத்துகளோடு ஒரு மனு எங்களிடம் இருந்தது. இரவு ஒன்பதரை மணிக்குத்தான் எங்கள் முறை வந்தது. பதின்வயதுப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கஞ்சா எப்படிப் பாதிக்கிறது என்று நான் வாசிக்கத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, போர்டின் தலைவர் கனிவாகவே நிறுத்தினார். “கடையை அனுமதிக்கலாமா என்பதைக் கவுன்சில் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தீர்மானித்துவிட்டது. இன்று எங்கள் முன் இருப்பது கார் நிறுத்துமிடம், விளக்கு, வண்டிகள் உள்ளே வந்து வெளியே போகும் வழி, இவை மட்டும்” என்றார். கையெழுத்து மனுவைச் சாட்சியமாக ஏற்க இயலாது என்று போர்டின் வழக்கறிஞர் சேர்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பழைய கூட்டக் குறிப்புகளைத் தேடிப் படித்தேன். கவுன்சில் அந்த முடிவை எடுத்த மாலையில் பேச வந்தவர்கள் நான்கே பேர். நம்மவர் ஒருவரும் இல்லை. அக்கறை இல்லாததால் அல்ல, அப்படி ஒரு மாலை இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

அந்த இரவில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். கடை வேண்டாம் என்பவருக்கும், வரட்டும் என்பவருக்கும், சொந்தமாகக் கடை வைக்க நினைப்பவருக்கும் இது ஒரே மாதிரிதான் பயன்படும். யாருடைய கருத்து சரி என்பதைவிட, எந்த நாளில் எந்த மேஜைக்கு முன்னால் நின்று அதைச் சொல்கிறீர்கள் என்பதுதான் இங்கே எடுபடுகிறது.

முடிவு ஊரின் கையில் எப்படி வந்தது

2020 நவம்பர் தேர்தலில், 21 வயது நிறைந்தவர்கள் கஞ்சா பயன்படுத்துவதைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற கேள்வி நியூஜெர்சி வாக்காளர் முன் வைக்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். 2021 பிப்ரவரி 22 அன்று ஆளுநர் ஃபில் மர்ஃபி சட்டத்தில் கையெழுத்திட்டார். 2022 ஏப்ரல் 21 அன்று கடைகளில் விற்பனை தொடங்கியது.

மாநிலம் முழுவதற்கும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய அதே சட்டம், கடை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஒவ்வொரு நகராட்சிக்கும் கொடுத்தது. அதற்கு 180 நாள் அவகாசம், 2021 ஆகஸ்ட் 21 வரை. ஏறத்தாழ 565 நகராட்சிகள் உள்ள மாநிலத்தில் சுமார் 400, அதாவது பத்தில் ஏழு, அந்த அவகாசத்துக்குள் தடை விதித்தன. மாநில அளவில் ஆம் என்று வாக்களித்த அதே மக்கள் வாழும் ஊர்களில் பலவும் இதில் அடக்கம். ‘சட்டபூர்வமாக இருக்கட்டும், என் தெருவில் கடை வேண்டாம்’ என்பது ஒரு முரண் போலத் தோன்றும். ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவது யாரைச் சிறையில் அடைப்பது என்பது, இரண்டாவது எந்த நிலத்தில் எந்தத் தொழில் நடப்பது என்பது.

டாஸ்மாக் கடைக்கு எதிராகக் கிராம சபையில் தீர்மானம் போட்ட ஊரிலிருந்து வருபவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். தமிழ்நாட்டில் கடையை நடத்துவதே மாநில அரசின் நிறுவனம். கோயில், பள்ளியிலிருந்து நகர்ப்புறத்தில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் என்று தூரத்தை வகுப்பதும் மாநில விதிதான். இங்கே கடை தனியாருடையது. உரிமம் தருவது மாநிலத்தின் கஞ்சா ஒழுங்குமுறை ஆணையம். ஆனால் எந்த ஊரில், எந்தத் தெருவில், எத்தனை கடை என்பதை ஊர்தான் சொல்கிறது. உங்கள் கவுன்சில் போடுவது கோரிக்கைத் தீர்மானம் அல்ல, அது சட்டம்.

முதல் வேலை: உங்கள் ஊர் எந்த நிலையில் இருக்கிறது

அஞ்சல் முகவரியை நம்பாதீர்கள். உங்கள் முகவரியில் எழுதும் ஊர்ப் பெயர் ஒன்றாகவும், நீங்கள் சொத்து வரி கட்டும் நகராட்சி வேறொன்றாகவும் இருப்பது மத்திய நியூஜெர்சியில் சாதாரணம். வாடகை வீட்டில் இருந்தால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், எந்த நகராட்சி என்பது அவருடைய வரி ரசீதில் இருக்கும்.

அடுத்து முனிசிபல் கிளார்க் அலுவலகத்தை அழையுங்கள். “கஞ்சாத் தொழில்கள் பற்றிய ஆர்டினன்ஸின் எண் என்ன?” என்ற ஒரே கேள்வி போதும். ஆர்டினன்ஸ் என்றதும் நமக்கு ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம் நினைவுக்கு வரும். இங்கே அதில் அவசரம் ஏதுமில்லை. கவுன்சில் இயற்றும் வழக்கமான உள்ளூர்ச் சட்டத்துக்கே அந்தப் பெயர். பெரும்பாலான ஊர்கள் தங்கள் சட்டத் தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதில் இல்லாத ஆவணம் வேண்டுமென்றால் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். பொதுவாக 7 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

தடை இருக்கலாம். அது முடிந்துபோன விஷயம் அல்ல. தடை விதித்த ஊர் எந்த நாளிலும் மனம் மாறி அனுமதிக்கலாம்.

அனுமதியும் அதோடு நிபந்தனைகளும் இருக்கலாம். இத்தனை கடைகள், இந்த மண்டலம் (எங்கே எந்தப் பயன்பாடு நடக்கலாம் என்று ஊர் தன் நிலத்தைப் பிரித்திருக்கும் பகுதி), பள்ளியிலிருந்து இவ்வளவு தூரம் என்று எழுதியிருப்பார்கள்.

அல்லது ஊர் எதுவுமே செய்யாமல் விட்டிருக்கலாம். இதில்தான் கவனம் வேண்டும். அவகாசத்துக்குள் தடை விதிக்காத ஊரில் மாநிலச் சட்டமே மண்டலத்தை வகுத்துவிடுகிறது. சாகுபடி, தயாரிப்பு, மொத்த விற்பனை ஆகியவை எல்லாத் தொழில் மண்டலங்களிலும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகள். சில்லறைக் கடை எல்லா வணிக மண்டலங்களிலும் நிபந்தனைக்கு உட்பட்ட பயன்பாடு. இந்த நிலை ஐந்தாண்டுக்கு மாறாது. அந்த ஐந்தாண்டு முடியும் ஆண்டு 2026. அதன்பிறகு ஊருக்குத் தடை விதிக்க மறுபடியும் வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தத் தடை இனி வரப்போகிற தொழில்களுக்கு மட்டுமே பொருந்தும், ஏற்கெனவே நடக்கும் கடையை மூட வைக்காது. உங்கள் ஊர் இந்த வகையைச் சேர்ந்தது என்றால் கவுன்சிலின் நிகழ்ச்சி நிரலை மாதாமாதம் பாருங்கள்.

இரண்டாவது வேலை: சட்டத்தை வரி வரியாக வாசிப்பது

‘கஞ்சாவுக்குத் தடை’ என்று யாராவது சொன்னால், எந்த வகைக்கு என்று கேளுங்கள். உரிமங்கள் ஆறு வகை: சாகுபடி, தயாரிப்பு, மொத்த விற்பனை, விநியோகம், சில்லறைக் கடை, வீட்டு விநியோகம். சில ஊர்கள் ஆறையும் தடுத்தன. சில ஊர்கள் கடையைத் தடுத்துவிட்டு, ஊர்க்கோடித் தொழில் மண்டலத்தில் சாகுபடியை அனுமதித்தன. நெடுஞ்சாலையை ஒட்டிக் கடையை அனுமதித்து, துர்நாற்றத்துக்கு அஞ்சிச் சாகுபடியைத் தடுத்தவையும் உண்டு. மருத்துவக் கஞ்சா 2010-இல் வந்த வேறொரு சட்டத்தின் வழியில் போகிறது. அதைப் பற்றி உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தனியாகப் பாருங்கள்.

ஊரால் தடுக்க முடியாதது ஒன்று உண்டு. வேறு ஊரில் உரிமம் பெற்ற விநியோகச் சேவை உங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுப்பதை ஊர்ச் சட்டம் தடைசெய்ய முடியாது. தனிமனிதர் வைத்திருப்பதையும் தடுக்க முடியாது. தடை என்பது தொழிலுக்கு மட்டும்தான். இதை அறியாமல், தடை வந்தால் ஊரில் கஞ்சாவே இருக்காது என்று நம்பிப் பேசுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எதிர்த் தரப்பு ஒரே வாக்கியத்தில் அந்த வாதத்தைத் தள்ளிவிடுகிறது.

அனுமதி உள்ள ஊரென்றால் தூரக் கணக்குக்கு அரை மணி நேரமாவது செலவிடுங்கள். பள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பெரும்பாலும் ஊர்தான் வகுக்கிறது. ஒன்றில் 1000 அடி, இன்னொன்றில் 500, வேறொன்றில் அதைவிடக் குறைவு. எண் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள்? நில எல்லையிலிருந்து நில எல்லைக்கா, வாசலிலிருந்து வாசலுக்கா? பெரிய வளாகம் கொண்ட உயர்நிலைப் பள்ளிக்கு இந்த இரண்டு அளவுக்கும் நடுவே ஒரு தெருவே அடங்கிவிடும்.

பள்ளி என்ற சொல்லுக்கு அந்தச் சட்டத்தில் கொடுத்திருக்கும் வரையறையையும் பாருங்கள். நம் பிள்ளைகள் வார இறுதியில் போகும் தமிழ்ப் பள்ளி, வாடகைக் கட்டடத்தில் நடக்கும் கணித வகுப்பு, பரதநாட்டியப் பள்ளி, இவை எதுவும் பெரும்பாலும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. வழிபாட்டிடம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, பகல் நேரக் குழந்தைகள் காப்பகம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் கோயில்கள் சில, பழைய கிடங்குகளையும் அலுவலகக் கட்டடங்களையும் வாங்கி மாற்றி அமைத்தவை. சாகுபடிக்கு அனுமதி தரும் தொழில் மண்டலமும் அதே பகுதியாக இருக்கலாம். யார் மீதும் தவறில்லை. வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லாவிட்டால் கவுன்சிலுக்கு அது தெரியப் போவதில்லை.

தூரம் இன்னொரு வகையிலும் வேலை செய்கிறது. ஒரு சதுர மைல் பரப்புள்ள சிறிய பரோவில் (பரோ என்பது நகராட்சியில் ஒரு வகை) ஒவ்வொரு பள்ளியையும் பூங்காவையும் சுற்றி 1000 அடி வட்டம் போட்டால் மிச்சமே இருக்காது. பெயரளவில் அனுமதி, நடைமுறையில் தடை. ஊரின் மண்டல வரைபடத்தை அச்செடுத்து, அளவுகோலைப் பார்த்து, காம்பஸால் நீங்களே வட்டம் போட்டுப் பார்க்கலாம். நான் செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் கொடுத்தது இந்த ஒரு மணி நேர வேலைதான்.

இன்னொரு செய்தி, பலருக்கும் தெரியாதது: மளிகைக் கடையோ உணவுப் பொருள் கடையோ நடக்கும் அதே இடத்துக்குள் கஞ்சா விற்க மாநிலச் சட்டம் விடுவதில்லை. மது விற்கும் இடத்திலும் கூடாது. பெட்ரோல் நிலையத்திலோ புகையிலைக் கடையிலோ கஞ்சா மிட்டாய் போல ஏதாவது விற்றால் அதற்கும் இந்த மண்டலச் சட்டத்துக்கும் தொடர்பில்லை. அதைக் காவல் நிலையத்திடமோ சுகாதாரத் துறையிடமோ கொண்டு போங்கள். உரிமக் கடைக்கு எதிரான கூட்டத்தில் அதைப் பேசிப் பயனில்லை.

மூன்றாவது வேலை: எந்த மேஜை, எந்தக் கேள்வி

நாங்கள் தவறியது இங்கேதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் மேஜை டவுன்ஷிப் கவுன்சில். சில ஊர்களில் அதைக் கமிட்டி என்பார்கள். கஞ்சாத் தொழில் வேண்டுமா வேண்டாமா, எத்தனை, எங்கே என்ற அடிப்படைக் கேள்வி இந்த மேஜைக்கு மட்டும் உரியது. ஒரு ஆர்டினன்ஸ் இரண்டு முறை வாசிக்கப்படும். முதல் வாசிப்பு வெறும் அறிமுகம். பிறகு அறிவிப்பு வெளியாகும். மண்டலம் தொடர்பானது என்றால், ஊரின் நீண்டகால வளர்ச்சித் திட்டமான மாஸ்டர் பிளானோடு பொருந்துகிறதா என்று பார்க்கப் பிளானிங் போர்டுக்கு அனுப்புவார்கள். போர்டுக்கு 35 நாள் அவகாசம் உண்டு. இரண்டாம் வாசிப்பின்போது பொது விசாரணை நடக்கும். நீங்கள் பேச வேண்டிய மாலை அதுதான். பேசி முடித்ததும் அன்றே வாக்கெடுப்பு நடந்துவிடுவதும் உண்டு. ஆகவே முதல் வாசிப்புக்கும் இரண்டாவதுக்கும் இடைப்பட்ட நாள்களில் கவுன்சில் உறுப்பினர்களுக்கு எழுதுங்கள், நேரில் சந்தியுங்கள். இவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இவர்களிடம் வாதாடுவதும் மனுக் கொடுப்பதும் முழுக்க முறையானது. எங்கள் கையெழுத்து மனு இந்த மேஜைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

‘மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும்’ என்று ஒருவராவது எழுந்து கேட்பார். நியூஜெர்சியின் நிலப் பயன்பாட்டுச் சட்டம் மண்டலச் சட்டங்களைப் பொது வாக்கெடுப்புக்கு விடுவதில்லை. கருத்தறியும் கேள்வியாகத் தேர்தலில் வைக்கலாம், அதன் விடை கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வலுவான வேறொரு வழி உண்டு. மண்டல மாற்றத்துக்கு உள்ளாகும் நிலப்பரப்பிலோ, அதைச் சுற்றி 200 அடிக்குள் உள்ள நிலப்பரப்பிலோ 20 சதவீதத்துக்கு உரிமையாளர்களாக இருப்பவர்கள் முறைப்படி எதிர்ப்பு மனு கொடுத்தால், சாதாரணப் பெரும்பான்மை போதாது, கவுன்சிலில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இந்த மனுவை எழுத ஒரு வழக்கறிஞரின் உதவி பெறுவது நல்லது.

கவுன்சில் மேஜையில் இன்னொரு தருணமும் உண்டு. மாநில ஆணையத்திடம் முழு ஆண்டு உரிமம் கேட்பவர், ஊரின் ஆதரவுத் தீர்மானத்தைக் காட்ட வேண்டும். அந்தத் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் ஒற்றை வரியாக வந்து போகும். ஐந்து பேர் போட்டியிட்டு இரண்டு இடமே உள்ள ஊரில் யாருக்கு ஆதரவு என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. வாங்கிய இடத்திலேயே புகைக்கும் வசதி வேண்டுமென்றாலும் ஊரின் ஒப்புதல் தனியாகத் தேவை.

இரண்டாவது மேஜை பிளானிங் போர்டு. இங்கே வருவது தனிப்பட்ட விண்ணப்பம். நடப்பது ஏறக்குறைய நீதிமன்ற விசாரணை. விண்ணப்பதாரரின் வழக்கறிஞர், பொறியாளர், போக்குவரத்து நிபுணர் சத்தியம் செய்து சாட்சி சொல்வார்கள். நீங்கள் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம், பிறகு நீங்களும் சத்தியம் செய்து பேசலாம். கடிதத்தையும் கையெழுத்து மனுவையும் பொதுவாக ஏற்பதில்லை, ஏனென்றால் காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. விசாரணைக்கு முன் போர்டு உறுப்பினரை வீட்டில் சந்தித்தோ தொலைபேசியிலோ இதைப் பற்றிப் பேசவும் கூடாது. கவுன்சில் உறுப்பினரிடம் சரியாக இருந்த செயல் இங்கே தவறாகிவிடும். சட்டத்தின் நிபந்தனைகள் அனைத்தையும் விண்ணப்பம் நிறைவேற்றினால், கஞ்சாவைப் பிடிக்கவில்லை என்பதற்காகப் போர்டு அதை மறுக்க முடியாது.

மூன்றாவது மேஜை ஜோனிங் போர்டு. அனுமதி இல்லாத மண்டலத்தில் கடை வைக்கக் கேட்பவரும், ஏதாவது ஒரு நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் விலக்குக் கேட்பவரும் இங்கே வருவார்கள். பள்ளியிலிருந்து 1000 அடி வேண்டும், 940 அடிதான் இருக்கிறது என்றால் இந்த மேஜைதான். ஏழு பேர் கொண்ட போர்டில் ஐந்து பேராவது ஆதரிக்க வேண்டும். நான்கு பேர் ஆதரித்தும் விண்ணப்பம் தோற்கலாம். எதிர்ப்பவருக்கு மிக வலுவான களம் இது.

இரண்டு போர்டுகளிலும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக, 200 அடிக்குள் உள்ள சொத்து உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். உரிமையாளருக்குத்தான், வாடகைதாரருக்கு அல்ல. நீங்கள் வாடகையில் இருந்தால் எதிர்வீட்டில் கடை வந்தாலும் கடிதம் வராது. ஆகவே சொந்த வீடு உள்ள பக்கத்து வீட்டுக்காரரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். பொதுக் கூட்டச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டது. கூட்டத்தின் நாளும் இடமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டாக வேண்டும்.

தாமதமாகக் கண்விழிப்பதன் விலை ஒன்றையும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் தாக்கலான நாளில் எந்த நிலப் பயன்பாட்டு விதி இருந்ததோ, பொதுவாக அதன்படியே அது பரிசீலிக்கப்படும். ஒருவர் விண்ணப்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு அதன்பின் சட்டத்தை மாற்றக் கவுன்சிலிடம் ஓடினால், அடுத்து வருபவரைத் தடுக்கலாம், இவரைத் தடுப்பது கடினம்.

நான்காவது வேலை: மூன்று நிமிடத்தில் என்ன சொல்வது

கவுன்சில் கூட்டத்தில் பல ஊர்களில் மூன்று நிமிடம் தருவார்கள், சில இடங்களில் ஐந்து. பெயரும் தெருவும் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வாருங்கள். இங்கே முன்னுரையும் நன்றியுரையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. “இந்த ஆர்டினன்ஸின் இந்தப் பிரிவில் இந்தச் சொல்லை இப்படி மாற்றுங்கள்” என்று ஒருவர் கேட்டால் கவுன்சில் வழக்கறிஞர் பேனாவை எடுப்பார். “எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாது” என்று பத்துப் பேர் சொன்னால் மரியாதையாகத் தலையசைப்பார்கள்.

பணம் பற்றிய பேச்சு நிச்சயம் வரும். கடையின் விற்பனை வருவாயில் 2 சதவீதம் வரை ஊர் வரியாக வாங்கலாம். மொத்த விற்பனையாளரிடம் 1 சதவீதம் வரை. ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு விற்கும் கடையிலிருந்து ஊருக்குக் கிடைப்பது 1 லட்சம் டாலர். உங்கள் ஊரின் மொத்த பட்ஜெட்டை எடுத்து அதோடு வைத்துப் பாருங்கள். பல ஊர்களில் அது ஒரு போலீஸ்காரரின் ஆண்டுச் செலவுக்கு மேல் பெரிதாக இருக்காது. வருவாய்க்காக என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். சொத்து வரி குறைந்துவிடும் என்று நம்பி ஆதரிப்பவரும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரின்ஸ்டனில் கவுன்சில் பணிக்குழு ஒன்றை அமைத்து மாதக்கணக்கில் ஆராய்ந்தது. சில கடைகளை அனுமதிக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. பொதுமக்கள் இரு பக்கமும் நின்று நீண்ட நேரம் பேசினார்கள். 2020 வாக்கெடுப்பில் பெரும்பான்மை ஆதரவு தந்த ஊர் அது. இருந்தும் கவுன்சில் அந்தப் பரிந்துரையை நடைமுறைப்படுத்த முன்வரவில்லை. ஆதரிப்பவர்கள், நாம்தான் வென்றுவிட்டோமே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

என் எண்ணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். முழுத் தடையைவிட இறுக்கமான இட விதியையே நான் விரும்புகிறேன். பத்து நிமிடக் கார் தூரத்தில் அடுத்த ஊரில் கடை இருக்கிறது, வீட்டு வாசலுக்கே விநியோகமும் வருகிறது. தடை போட்ட ஊருக்கு வரியும் இல்லை, எங்கே எப்படி விற்பது என்பதைச் சொல்லும் உரிமையும் இல்லை. ஆனால் தடை வேண்டும் என்னும் என் நண்பர்களின் அச்சம் உண்மையானது. கடையின் விளம்பரப் பலகையைத் தினமும் பள்ளிப் பேருந்திலிருந்து பார்க்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சாதாரணப் பொருளாகிவிடும் என்கிறார்கள். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அதனால்தான் இட விதியில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

போர்டு விசாரணையில் வேறு மாதிரி பேச வேண்டும். எங்களோடு அன்று வந்திருந்தவர்களில் சாலைப் பொறியாளர் ஒருவர், எல்லோரும் அண்ணன் என்றே அழைப்போம், நான் உட்கார்ந்த பிறகு எழுந்தார். கஞ்சா என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்குப் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்துக்கும் கடையின் வெளியேறும் வழிக்கும் எத்தனை அடி என்று போக்குவரத்து நிபுணரைக் கேட்டார். அவர் பேருந்து நிறுத்தத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். வெளியேறும் வழியைப் பக்கத்துச் சாலைக்கு மாற்ற வேண்டும் என்பது ஒப்புதலின் நிபந்தனையாகச் சேர்ந்தது. நான் வாசித்த பக்கத்தால் ஒரு சொல்கூட மாறவில்லை. அண்ணன் கேட்ட நான்கு கேள்விகளால் அந்த வழி மாறியது.

விசாவில் இருப்பவர்கள் இதைத் தவறாமல் படிக்க வேண்டும்

எச்1பி, கிரீன் கார்டு, மாணவர் விசா என எதில் இருந்தாலும் பொதுக் கூட்டத்தில் பேசலாம். குடியுரிமை தேவையில்லை. ஆனால் பதிவு செய்த வாக்காளர் மட்டும் கையெழுத்திட வேண்டிய மனுவில் நல்லெண்ணத்தோடுகூடக் கையெழுத்திடாதீர்கள். எந்த மனு என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தொடுங்கள்.

பேசும்போது, நான் ஒருமுறை பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன் என்று எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள். கூட்டங்கள் பதிவாகின்றன. மாநிலத்தில் சட்டபூர்வமானாலும் பொழுதுபோக்குக் கஞ்சா அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டப்படி குற்றம். குடியேற்ற விவகாரங்களை முடிவு செய்வது ஒன்றிய அரசு. பயன்படுத்தியதாக ஒப்புக்கொள்வதே, வழக்கு எதுவும் இல்லாமலேயே, நாட்டுக்குள் மீண்டும் நுழைவதைச் சிக்கலாக்கலாம். குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல், மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பது உட்பட இத்தகைய செயல்கள் குடியுரிமைக்கான நன்னடத்தைத் தகுதியைப் பாதிக்கலாம் என்று சொன்னது.

ஆகவே கடையில் பங்கு போட யாராவது அழைத்தாலும், உங்களுக்குச் சொந்தமான கடைத்தொகுதியில் ஒரு பகுதியை அதிக வாடகைக்குக் கேட்டாலும், அவர்களுக்கு மென்பொருள் எழுதித் தரக் கேட்டாலும், முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். வணிக வழக்கறிஞர் போதாது. ஊர் அனுமதித்தது, மாநிலம் உரிமம் தந்தது என்பது உங்கள் கிரீன் கார்டைக் காப்பாற்றாது.

வேறு மாநிலத்தில் இருந்தால்

மேலே சொன்ன நடைமுறைகள் நியூஜெர்சிக்கு மட்டுமே. நியூயார்க்கில் ஊர்கள் 2021 டிசம்பர் 31-க்குள் கடையைத் தடுக்க வேண்டியிருந்தது. அன்று தடுக்காத ஊர் இனித் தடுக்க முடியாது, தடுத்த ஊர் பின்னர் அனுமதிக்கலாம். மாசசூசெட்ஸில் 2016 வாக்கெடுப்பில் ஊர் எந்தப் பக்கம் வாக்களித்தது என்பதைப் பொறுத்துத் தடை விதிக்கும் முறையே மாறியது. கலிஃபோர்னியாவில் நகர மன்றங்களுக்கு மிகப் பரந்த அதிகாரம் உண்டு. பென்சில்வேனியாவில் மருத்துவக் கஞ்சா மட்டும்தான்.

முடிவு வந்த பிறகு

கவுன்சிலோ போர்டோ எடுத்த முடிவை எதிர்த்து மாநிலத்தின் சுப்பீரியர் கோர்ட்டில் வழக்குத் தொடர பொதுவாக 45 நாள்தான் அவகாசம். போர்டு முடிவுகளில், தீர்மானம் அறிவிப்பாக வெளியான நாளிலிருந்து அது எண்ணப்படுகிறது, கூட்டம் நடந்த நாளிலிருந்து அல்ல. அறிவிப்பு எங்கே, எந்தத் தேதியில் வந்தது என்று கிளார்க்கிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கில் புதிய சாட்சியங்களுக்கு இடம் மிகக் குறைவு. போர்டின் முன் பதிவானதை வைத்தே நீதிபதி பார்ப்பார். அன்று மாலை நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அந்தப் பதிவில் இருக்காது.